சோறு போடாத மாமியார்

மலையிலிருந்து பேளுக்குறிச்சிக்கு இறங்குகிற பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் மிளகுப் பையை மடியில் வைத்திருந்த பெண், பக்கத்தில் இருந்த வயதான அம்மாளை வளைவுக்கு வளைவு முறைத்துக்கொண்டே வந்தார். கடைசியில் கேட்டே விட்டார்.

"ஏனுங்க, மாசமா இருக்கற மருமவளுக்கு ஒரு வாய் சோறு போட்டா என்னங்க?"

"அது சீரியலுங்க. நெசத்துல எனக்கு மருமவளே இல்லீங்க."

"நேத்துக்கூட தட்டப் புடுங்குனீங்களே?"

"நடிப்புங்க! எழுதிக் குடுக்கறாங்க, நடிக்கறேன்."

"பாவமுங்க அந்தப் புள்ள."

"ஐயோ சாமி! உங்க அரியூர் நாட்டுக் கோயில் நோம்பி நாடகத்துல இருவது வருசம் ராணி வேசங்கட்டி, புருசனத் தேடி அழுததே நாந்தானுங்க. பாத்ததில்லீங்களா?"

"பாக்காம? கூடச் சேந்து அழுதனுங்க. அப்பெல்லாம் நல்ல பொம்பளையாத்தான் இருந்தீங்க. டிவிக்குப் போயித்தான் இப்படிக் கெட்டுப்போயிட்டீங்க."