மீன் வாடை இல்லாத மனிதர்

மீன் பிடிக்கப் போகிறவர் மீனோடு திரும்புவதுதான் உலக வழக்கம். நீங்களே சொல்லுங்கள் சார், நான் கேட்டது தப்பா?

என் தங்கை புருஷன் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். ஞாயிறு தவறாமல் காருக்குப் பின்னால் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு ஏரிக்குப் போவார். சாயங்காலம் சட்டை கசங்காமல், கையில் ஒரு செதில்கூட ஒட்டாமல் வந்து இறங்குவார். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர், ஒரே முற்றம். என் கண்ணில் படாமல் இருக்குமா?

"எங்க தம்பி மீனு?"

"விட்டுட்டேன்க்கா. பீகாக் பாஸ்னு ஒரு மீனு. அளந்து, ஒரு போட்டோ எடுத்துட்டுத் தண்ணியிலயே விட்டுடுவோம்."

"விடறதுக்கா இவ்ளோ தூரம் போறீங்க?"

"அதோட மல்லுக்கட்டறதுதான்க்கா விளையாட்டே. பசியே இல்லன்னாலும், குஞ்சுங்க பக்கத்துல எதாச்சும் வந்தா ஆவேசமா வந்து கவ்வும்."

படங்களையும் காட்டினார். எல்லாவற்றிலும் மஞ்சள் உடம்பு, கறுப்புப் பட்டை, வாலில் கண் வரைந்தாற்போல் ஒரு வட்டம். ஒரே மீனை எத்தனை வாரம்தான் காட்டுவது? திங்கட்கிழமை ஆனால் போனில் அவர் சிரிக்கும் சத்தம் சுவர் தாண்டி வரும். "நேத்து என்னமா ஆட்டம் காட்டுச்சு தெரியுமா?" மீனைப் பற்றியாம்.

தங்கையிடம் ஜாடையாகச் சொன்னேன். "உனக்கு வேற வேலையே இல்லையாக்கா?" என்றாள். விவரம் போதாதவள். அவள் வாழ்க்கை பாழாவதை நான் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பதா?

படகின் பின்பக்கம், அடியில், தண்ணீர் வடிய ஒரு துளை உண்டு. அதற்கு ரப்பர் அடைப்பான். சனிக்கிழமை மத்தியானம் அதைக் கழற்றிவிட்டு, துணி சோப்பை அளவாகச் சீவித் திணித்தேன். அவர் ஏரிக்கே போகாவிட்டால் சோப்பு அப்படியே திரும்பி வரும். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். போனால் கரையும். அவ்வளவுதான் சோதனை.

அவருக்கு நீச்சல் தெரியாது என்பது தெரியுமா என்கிறீர்கள். தெரியும். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளாமல் மடித்துப் போட்டு அதன்மேல் உட்காருவார் என்பதும் தெரியும். தங்கைதான் சொல்லிப் புலம்பினாள். எல்லாம் யோசித்துத்தான் செய்தேன். பொய் சொல்கிறவராக இருந்தால் அவருக்கு ஒரு ஆபத்தும் இல்லையே.

அன்று படகு திரும்பவில்லை. உங்கள் போலீஸ் வண்டிதான் வந்தது. நடு ஏரியில் மூழ்கியபோது அவர் தனியாகத்தான் இருந்தார் என்றீர்கள். ஒரு ஞாயிறுகூட வேறு எங்கும் போனதில்லை, பொழுதெல்லாம் தூண்டிலும் கையுமாக ஏரியிலேயே கிடப்பார் என்று படகுத்துறைக் காவலாளியும் சொன்னாராம்.

தங்கை தரையில் விழுந்து கதறிக்கொண்டிருந்தாள். நான்தான் அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்து, காதோரம் சொன்னேன்: "அழாதடி. தங்கமான மனுஷன். எவகிட்டயும் போகல. சோப்பு கரைஞ்சிருக்கு பாரு. இனிமே நீ சந்தேகமே இல்லாம நிம்மதியா இருக்கலாம்."

அவள் ஏன் சட்டென்று அழுகையை நிறுத்திவிட்டு என்னை அப்படிப் பார்த்தாள் என்பதுதான் சார், எனக்கு இன்னும் விளங்கவில்லை.