படிவத்தில் அம்பலவாணனின் பெயர்

"ஹலோ… ஓம், ஓம், தவநாயகிதான் அண்ணை. பள்ளிக்கூட ஒபிசிலை இருந்து எடுக்கிறன்… மகள் தர்மிகாவின்ரை ஸ்கான் ரிசல்ட் வந்திட்டுதோ?… ஐயோ! முழங்கால் சவ்வு முழுசாக் கிழிஞ்சிட்டுதோ?… ஒப்பரேசனோ?…"

தவநாயகி எழுந்து கதவைச் சாத்தினாள். பள்ளிகளுக்கிடையே நெட்போல் போட்டி நடத்தும் சங்கத்தார், எந்தெந்தப் பள்ளியில் போட்டி நாளில் காயம் பார்க்கும் பயிற்றுநர் நிற்கிறார் என்று வருடாவருடம் படிவம் அனுப்பிக் கேட்பார்கள். "இல்லை" என்ற பள்ளிக்கு ஓர் ஆளை அனுப்புவார்கள். போன செப்டெம்பரில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே அவள் "ஆம்" என்று எழுதிவிட்டாள்.

"அப்பிடிச் சொல்லாதையுங்கோ அண்ணை… ஓம், விழுந்து கிடந்தவளை நீங்கள்தான் 'எழும்பி ஓடு பிள்ளை' எண்டனியள். நானும் ஜன்னலாலை பாத்தனான்… அதுக்கு? நீங்கள் லண்டன் மோர்டனிலை பஸ் ஓடுற மனிசன். ஐஸ் பையோடை ஒவ்வொரு நெட்போல் மட்சுக்கும் வந்து நிண்டது உங்கடை நல்ல மனசு. சுளுக்கோ கிழிஞ்சதோ எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?… அழாதையுங்கோ… அண்ணை, நான் ஒண்டு சொல்லோணும்."

இருபது வருடமாக எந்தப் படிவத்திலும் ஒரு கட்டத்தைக்கூட வெறுமையாக விடாத கெட்டிக்காரி அவள். "இல்லை" என்று எழுதினால் பள்ளிக்கூடத்துக்குக் குறைச்சலாம். என்ன வீண் கௌரவம்!

"…ஒரு ஃபோம் வந்தது. மட்சுக்கு ட்ரெய்னர் நிக்கிறவரோ எண்டு… எங்களிட்டை ஒருத்தரும் இல்லை. நான் அம்பலவாணன் எண்டு உங்கடை பேரை எழுதிப்போட்டன்… அதாலைதான் ஆள் அனுப்பேல்லை. படிச்ச ஆள் நிண்டிருந்தா பிள்ளையை எழும்பவே விட்டிருக்க மாட்டார்… ஹலோ?… அண்ணை?…"

"…ஆர், தர்மிகாவோ?… அப்பா எங்கை?… அழுதுகொண்டு குசினிக்குப் போட்டாரோ?… அப்ப நான் சொன்னதெல்லாம் நீயோ கேட்டனி?…"

தவநாயகி கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தாள். ஒரு தடவை சொல்லி முடித்த நிம்மதியும் போய்விட்டது.

"ஓம் பிள்ளை… ஓம், உண்மைதான்… என்ன? அப்பா மூண்டு நாளாச் சாப்பிடேல்லையோ?… தன்ரை பிழையெண்டோ?… இல்லையம்மா, இல்லை… திரும்பவோ? அவருக்கு முன்னாலையோ?… நீயே சொல்லன் பிள்ளை… ஓம்… ஓம், விளங்குது. நான்தான் சொல்லோணும்… சரி, போனை அவரிட்டைக் கொண்டு போ."

ஊன்றுகோல் தட்டித் தட்டிச் சமையலறைப் பக்கம் போகும் சத்தம் போனில் கேட்டது. அவ்வளவு தூரம் அந்தப் பிள்ளையை நடக்க வைக்கிறோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் கிட்ட வந்தது.

"ஸ்பீக்கரிலை போட்டாச்சோ?… அண்ணை, தவநாயகி. வடிவாக் கேளுங்கோ. உங்களிலை ஒரு பிழையும் இல்லை. நான் பொய் எழுதினனான்."

குழாயை யாரோ மூடினார்கள்.

"அண்ணை?… அண்ணை, என்னை…"

மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.