ஸ்விட்ச்சுல எப்பவும் தொங்குன கார்டு

காலையில பதினோரு மணி இருபது நிமிஷத்துக்கு எனக்குச் சேதி வந்துச்சு. பேரு, விலாசம் ரெண்டையும் முன்னாடியே எழுதிக்கிட்டீங்க. வயசு இருபத்தொம்பது. எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ படிச்சிருக்கேன், லிஃப்ட் மெக்கானிக்கா வேலை பார்க்கிறேன். செத்துப்போனது என் சம்சாரம். ஆஸ்பத்திரி படுக்கை விரிப்பெல்லாம் துவைச்சுக் குடுக்கிற லாண்டரியில வேலை பார்த்தா. இந்த வாக்குமூலத்தை யாரும் எனக்குச் சொல்லிக் குடுக்கல. சொல்லிக் குடுக்கப் பார்த்தாங்க, அதையும் சொல்றேன்.

சேதி வந்தப்ப நான் ஒரு ஆபீஸ் கட்டடத்து உச்சியில, லிஃப்ட் மோட்டார் ரூம்ல இருந்தேன். கூப்பிட்டது லாண்டரி மேனேஜர். "தம்பி, உங்க சம்சாரத்துக்கு லேசா அடிபட்டிருக்கு, கொஞ்சம் வந்துட்டுப் போங்க"ன்னார். லேசான அடிக்கெல்லாம் மேனேஜர் கூப்பிட மாட்டார். அதுக்கப்புறம் அங்க போனேன். அவளைத் தரையில கிடத்தி, துவைச்ச விரிப்பு ஒண்ணாலேயே மூடியிருந்தாங்க. விரிப்பு ஓரத்துல எந்த வார்டுதுன்னு நம்பர் அச்சடிச்சிருந்துச்சு. ஒரு கால்ல மட்டும் செருப்பு இருந்துச்சு.

நடந்தது இதுதான். ஈரத்துணி பெல்ட்டு மேல ஏறி டிரையருக்குப் போகும். ஏதாவது உருளையில சுத்திக்கிட்டா, பெல்ட்டை நிறுத்திட்டு ஒரு ஆள் அடியில ஊர்ந்து போய் இழுத்து எடுக்கணும். ஸ்விட்ச் இருக்கிறது தூணுக்கு அந்தப் பக்கம். அங்க நின்னா அடியில இருக்கிற ஆள் தெரியாது, மெஷின் சத்தத்துல கத்தினாலும் கேக்காது. அதுக்காகத்தான் ஒரு சிவப்பு கார்டு வெச்சிருந்தாங்க, 'ஆள் உள்ளே, தொடாதே'ன்னு. உள்ள போறவங்க ஸ்விட்ச்சுல மாட்டணும், வெளிய வந்ததும் அவங்களே எடுக்கணும்.

இந்த மேனேஜர் வந்தப்புறம், கார்டு அடிக்கடி தொலையுதுன்னு சொல்லி, அதை ஸ்விட்ச் கைப்பிடியோட கம்பி போட்டுக் கட்ட வெச்சார். அதுக்கப்புறம் ஆள் உள்ள இருந்தாலும் கார்டு தொங்கும், இல்லாட்டியும் தொங்கும். அது தொங்கத் தொங்கவே எல்லாரும் பெல்ட்டைப் போட்டாங்க. போட்டுத்தானே ஆகணும், வேலை நடக்க வேணாமா. என் சம்சாரம் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னா, "எங்க கார்டு இப்ப உங்கப்பா மாதிரி ஆயிடுச்சு. எப்பப் பார்த்தாலும் வேணாம் வேணாம்னு சொல்லிக்கிட்டே இருக்கு, ஒருத்தரும் காதுல வாங்குறதில்ல." நானும் சிரிச்சேன்.

அவ சிரிச்சதோட விடல. போன வாரத்துலேருந்து, உள்ள போறதுக்கு முன்னாடி தன் மஞ்சள் தலை கிளிப்பைக் கழட்டி அந்தக் கார்டு மேல மாட்டிட்டுப் போவா. கிளிப் இருந்தா நான் உள்ள இருக்கேன்னு கூட இருந்தவங்ககிட்ட எல்லாம் சொல்லியும் வெச்சிருந்தா. பக்கத்து மெஷின் அக்கா மட்டும் அந்த வாரம் லீவு. சம்பவம் நடந்த அன்னைக்குத்தான் வேலைக்குத் திரும்பினாங்க.

அந்த அக்காதான் ஸ்விட்சைப் போட்டது. இவளுக்கு வேலை கத்துக் குடுத்ததும் அவங்கதான். நான் போனப்ப தரையில உட்கார்ந்திருந்தாங்க. நான் கேக்காமலேயே சொன்னாங்க. "கிளிப்பைப் பார்த்தேன் தம்பி. இவ எங்கயாச்சும் மறந்து வெச்சுட்டுப் போறவதானே, குடுப்போம்னு எடுத்துப் பையில போட்டேன். அப்புறம் ஸ்விட்சைப் போட்டுட்டேன்." கிளிப்பை எடுத்து என் கையில வெச்சாங்க. அதுல ரெண்டு முடி இருந்துச்சு.

நான் கொலைகாரின்னு கத்தினேன். அடிக்கக் கையை ஓங்கினேன். அவங்க நகரல, முகத்தை மறைக்கவும் இல்ல. அதுக்கப்புறம் என் மாமனார் வந்து என்னைப் பிடிச்சுக்கிட்டார்.

அதுக்கப்புறம் மேனேஜர் எங்க ரெண்டு பேரையும் தன் ரூமுக்குக் கூட்டிட்டுப் போய்த் தண்ணி குடுத்தார். "உங்க சம்சாரம் கொஞ்சம் கவனக்குறைவு, அந்தம்மா சுத்த அலட்சியம். ஸ்டேஷன்ல இந்த ரெண்டை மட்டும் சொல்லிடுங்க தம்பி, சீக்கிரம் முடிஞ்சிடும்"ன்னார். மாமனாரும், "அந்தப் பொம்பளையை விடாதீங்க மாப்ள, உள்ள தள்ளுங்க"ன்னார். எனக்கும் அப்ப அதுதான் தோணுச்சு.

"கார்டு தொங்கிச்சேய்யா"ன்னு மேனேஜர்கிட்ட கேட்டேன்.

"அதைத்தான் தம்பி நானும் சொல்றேன். கண்ணு முன்னாடி கார்டு தொங்குது, பார்த்துக்கிட்டே போட்டிருக்கா. இதைவிட அலட்சியம் இருக்கா?"

"நீங்க தினமும் பார்ப்பீங்களா?"

"ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அந்தப் பக்கம் போறேன்."

வரும்போதே அந்தக் கார்டுல ஒண்ணு என் கண்ணுல பட்டிருந்துச்சு. அவரைத் தூண் வரைக்கும் கூட்டிட்டுப் போய், ஸ்விட்ச்சுக்கு முதுகைக் காட்டி நிக்க வெச்சேன். இப்ப கார்டுல என்ன தெரியுதுன்னு பார்க்காம சொல்லுங்கன்னேன். "என்ன தம்பி விளையாட்டு இது? ஆள் உள்ளே, தொடாதே. வெள்ளை எழுத்து"ன்னார். திரும்பிப் பாருங்கன்னேன். கம்பி முறுக்கிக்கிட்டு, கார்டோட வெத்துப் பக்கம்தான் வெளியே தெரிஞ்சுச்சு. எழுத்து சுவரைப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு. எப்பலேருந்து இப்படி இருக்குன்னு அங்க இருந்த ஒருத்தருக்கும் தெரியல. நான் எடுத்த ஃபோட்டோ உங்ககிட்ட இருக்கு.

பத்துத் தடவை பார்க்கிறவர் வெத்து பிளாஸ்டிக்ல எழுத்தைப் படிச்சிருக்கார். அவர் பொய் சொல்லல. அவர் மூளை, தெரிஞ்சதையே எடுத்து அவருக்குக் காட்டியிருக்கு. எல்லார் மூளையும் அப்படித்தான் வேலை செய்யும். ரூம்ல ஃபேன் ஓடுற சத்தம் நமக்குக் கேக்காது, நின்னாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சுன்னே தெரியும். மாறாத ஒண்ணை மூளை தூக்கி ஓரமா வெச்சிடும். அக்கா கார்டைப் பார்த்தாங்க, அது சுவரு மாதிரி. கிளிப்பைப் பார்த்தாங்க, அது மறதிக்காரி கிளிப். எங்க வீட்டுலயும் அவ கிளிப் ஃப்ரிட்ஜ் மேல கிடக்கும், குழாய் மேல கிடக்கும், என் டூல் பாக்ஸ்ல கூடக் கிடக்கும். நானா இருந்தாலும் எடுத்துப் பையிலதான் போட்டிருப்பேன்.

என் தொழில்ல, லிஃப்ட் குழிக்குள்ள இறங்குறவன் மெயின் ஸ்விட்ச்சுல தன் பூட்டைப் போட்டு சாவியைத் தன் பையில வெச்சுப்பான். ஆள் இல்லாதப்ப பூட்டு அங்க இருக்காது. இது மேனேஜருக்குத் தெரியாத வித்தை இல்ல. அவர்கிட்டயே சொன்னேன். "உங்க ரூம் கதவுல 'உள்ளே வராதே'ன்னு ராத்திரி பகலா மாட்டி வைங்க, எத்தனை நாளைக்கு ஒருத்தன் வெளிய நிப்பான்னு பார்ப்போம். நிக்காதவனை எல்லாம் ஜெயில்ல போடுவீங்களா?" அவர், "உணர்ச்சிவசப்படாதீங்க"ன்னார். நான் உணர்ச்சிவசப்படல. எனக்கு இன்னும் அழுகையே வரல. மாமனார் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டு நின்னார், அதுக்கப்புறம் அக்காவைப் பத்தி ஒரு வார்த்தை பேசல.

எனக்கு அக்கா மேல கோபம் இல்லன்னு எழுதாதீங்க. இருக்கு. அவங்க முகத்தை இனி என்னால பார்க்க முடியாது. ஆனா என் புகார் அவங்க மேல இல்ல. அந்தக் கார்டைக் கம்பி போட்டுக் கட்ட வெச்சவர் மேல.

எழுதினதைப் படிச்சுக் காட்டச் சொன்னேன். 'இறந்துபோன என் மனைவி தன் கவனக்குறைவால்'னு ஒரு இடத்துல இருந்துச்சு. நான் அப்படிச் சொல்லவே இல்ல. எழுதின உங்க ஏட்டைக் கேட்டேன். இந்த மாதிரி கேஸ்ல எப்பவும் அப்படித்தான் எழுதுவோம், கைப்பழக்கத்துல வந்துடுச்சுன்னார். அவர் மேல தப்பு சொல்லல. ஆனா அந்த வரியை என் கண்ணு முன்னாடியே அடிக்க வெச்சு, பக்கத்துல என் கையெழுத்தைப் போட்டிருக்கேன்.

அடிச்ச வரி போக மீதி எல்லாம் நான் சொன்னது, நடந்தது. மேனேஜர் விடாம கூப்பிட்டுக்கிட்டே இருக்கார். என்கிட்ட ஏதாவது கேக்கணும்னா வீட்டுக்கு ஆள் அனுப்புங்க. ஃபோனை ஆஃப் பண்ணிட்டேன்.

(கையொப்பம்)