மூன்று சென்டிமீட்டர் காயம்

எனக்கு ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும். பதினோரு வருடம் ஆஸ்பத்திரியில் குப்பை கொட்டியவன் பேசுகிற பேச்சா இது என்று நீங்கள் நினைக்கலாம். நான் இருந்தது பில்லிங் அறை. காயமெல்லாம் எனக்கு எழுத்தாகத்தான் வரும். எந்த இடம், எத்தனை சென்டிமீட்டர், மேல்தோலில் மட்டும் தையலா, உள்ளே சதையையும் சேர்த்தா. டாக்டர் எழுதியதைப் படித்து அதற்குரிய எண்ணைப் போடுவேன். அந்த எண்ணைப் பார்த்துத்தான் இன்சூரன்ஸ்காரர்கள் பணம் தருவார்கள். குறிப்பில் விவரம் போதவில்லை என்றால் பில்லைத் திருப்பி விடுவார்கள்.

என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஊழியர் குடும்பம் என்பதால் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே இலவசம். என் வேலை போனால் நாலாம் நாள் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பிக்கும். ஒரு மாதம் நான் போட்ட ஏழு பில்கள் திரும்பி வந்துவிட்டன. மேலாளரம்மா கூப்பிட்டனுப்பினார். "இன்னும் ஒண்ணு திரும்பி வந்தாலும் என்னால உங்களைக் காப்பாத்த முடியாது. வீட்ல அவங்க நிலைமையும் எனக்குத் தெரியும்" என்றார்.

டாக்டர் எழுதாததை நாங்கள் சேர்க்கக் கூடாது. அவரிடமே கேட்டு எழுதி வாங்க வேண்டும். முறையாகத்தான் கேட்கப் போனேன். அவசரப் பிரிவு டாக்டர் சின்ன வயது, நல்ல பிள்ளை. "அண்ணா, வெளியில இருபது பேர் நிக்கிறாங்க. என் பாஸ்வேர்டை வெச்சுக்கோங்க. விட்டுப் போனதை நீங்களே போட்டுடுங்க" என்றார்.

அடுத்த வாரம் ஒரு பெண்ணின் கோப்பு வந்தது. தையற்கடை நடத்துகிறவள், முப்பத்தோரு வயது, சர்க்கரை உண்டு. உடைந்த கண்ணாடியை மிதித்திருக்கிறாள். இடது பாதம், மூன்று சென்டிமீட்டர், கழுவி இரண்டு அடுக்காகத் தையல். டாக்டர் எழுதியது அவ்வளவுதான். கண்ணாடி குத்திய காயத்தில் உள்ளே துண்டு இருக்கிறதா என்று பார்த்த விவரம் இல்லாவிட்டால் பில் நிச்சயம் திரும்பும். நான் ஒரு வரி சேர்த்தேன். 'காயம் அடிவரை விரித்துப் பார்க்கப்பட்டது. கண்ணாடித் துண்டு எதுவும் இல்லை.' பில் திரும்பி வரவில்லை.

நாலாம் நாள் அவள் மறுபடி வந்திருக்கிறாள். கால் வீக்கம், காய்ச்சல். அன்று வேறு டாக்டர். 'முந்தைய குறிப்பின்படி உள்ளே துண்டு இல்லை, எக்ஸ்ரே தேவையில்லை' என்று எழுதி, மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். அந்தக் கோப்பும் என்னிடம்தான் வந்தது. அந்தக் குறிப்பை இரண்டு தடவை படித்தேன். அவள் போன் நம்பர் மேலேயே இருந்தது. போனைக் கையில் எடுத்தேன். நான் யார், எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வது? மாடியில் டயாலிசிஸுக்காக மனைவிக்கு ஊசி குத்திப் படுக்க வைத்திருந்தார்கள். போனை வைத்துவிட்டு அந்தச் சிகிச்சைக்குரிய எண்ணைப் போட்டேன். சரியான எண்தான்.

ஒன்பதாம் நாள் அந்தப் பெண்ணின் காலை முழங்காலுக்கு மேல் எடுத்தார்கள். பதினொன்றாம் நாள் இறந்துவிட்டாள். உள்ளே நகத்தளவு கண்ணாடி இருந்ததாம்.

அந்த வரியைத் தான் எழுதவே இல்லை, தன் பாஸ்வேர்டு பில்லிங் அறையில் என்னிடம்தான் இருந்தது என்று சின்ன டாக்டர் தலைதலையாக அடித்துக்கொண்டார். உங்கள் ஸ்டேஷனிலிருந்து வந்து என்னைக் கேட்டார்கள். "அப்படி எதுவும் இல்லைங்க" என்றேன். அவர் உள்ளே போய்ப் பத்து மாதம் ஆகிறது. ஒருநாள் அவர் அம்மா பில்லிங் அறைக்கே வந்தார். "தம்பி, உங்களை அண்ணா அண்ணான்னுதானே கூப்பிடுவான். ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவரை நாற்காலியில் உட்கார வைத்துக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். பாவம், வயதானவர்.

போன செவ்வாய்க்கிழமை என் மனைவி போய்விட்டாள். இன்று உங்களிடம் வந்திருக்கிறேன். மனசாட்சி கேட்கவில்லை, அதனால் வந்தேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். அவள் உயிரோடு இருந்திருந்தாலும் வந்திருப்பேன்.