இடம் மாறிய கார்டுகள்

நாவல் எழுதுகிறவர்களுக்கு கார்டுகளைப் போல வசதி வேறில்லை, டாக்டர். முன்பு அட்டையில் எழுதிப் பலகையில் குத்தி வைப்பார்கள். இப்போது எல்லாம் லேப்டாப்பிலேயே. ஒரு காட்சிக்கு ஒரு கார்டு. வேண்டிய இடத்துக்கு மவுஸால் இழுத்துக்கொள்ளலாம். என் மனைவி தேவிப்பிரியாவுக்கு அப்படி ஒரு போர்டை அமைத்து, அவள் பெயரில் ஒரு லாகின், என் பெயரில் ஒரு லாகின் என்று போட்டுக் கொடுத்தவன் நான்தான். அதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

நான் இருபது வருடமாக எழுதுகிறேன். இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் வந்திருக்கின்றன. அவள் ஆவடியில் கணக்கு டீச்சர். போன வருடம் திடீரென்று, தன் அம்மாவைப் பற்றி நாவல் எழுதப் போவதாகச் சொன்னாள். நான் சிரிக்கவில்லை.

அவள் அம்மா பொன்னியம்மா அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவர். ஐம்பத்திரண்டு வயதில் நினைவு தப்ப ஆரம்பித்தது. கம்பெனியை மூடிய பிறகும் தினமும் டிபன் பாக்ஸோடு போய்ப் பூட்டிய கேட் முன்னால் நிற்பார். இதை தேவி ஒரு கார்டில் நான்கு வரியில் எழுதியிருந்தாள். படித்துவிட்டு பருத்திப்பட்டு ஏரிக்கரையில் வெகுநேரம் நடந்தேன். என் இரண்டு தொகுப்புகளிலும் அப்படி நான்கு வரி கிடையாது.

"நல்லா கீதாங்க?" என்று கேட்டாள்.

"பரவால்ல" என்றேன்.

எனக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. மறுநாள் அவள் பள்ளிக்குப் போனதும் அந்தக் கார்டை மூன்றாம் அத்தியாயத்திலிருந்து ஒன்பதாவதுக்கு நகர்த்தினேன். அங்கேதான் அது பொருந்தும் என்று அப்போது நினைத்தேன்.

இரவு நான் வீடு திரும்பியதும் திரையைப் பார்த்தவள், "இன்னாங்க, இத்த நான் இங்க வெக்கவே இல்லியே" என்றாள்.

"நீதானே நேத்து மாத்தினே. என்கிட்ட சொல்லிகினேதானே மாத்தினே."

அவள் முகம் வெளுத்துவிட்டது. அம்மாவுக்கு வந்தது தனக்கும் வரும் என்ற பயம் அவளுக்கு உண்டு. கல்யாணமான புதிதில் என்னிடம் மட்டும் சொன்னது அது.

அப்புறம் வாரத்துக்கு இரண்டு மூன்று கார்டு. பெயர்களை மாற்றினேன். செத்துப்போன ஒருத்தியைப் பின்னால் வரும் காட்சியில் பேச வைத்தேன். அவள் நடையிலேயே எழுதினேன்; அந்த வரிகள் நன்றாகவே வந்தன. அவள் தன் வகுப்பில் ஒரு நாள் பாதிக் கணக்கில் நின்று அழுதிருக்கிறாள். வேலையை விட்டாள். உங்களிடம் நான்தான் அழைத்து வந்தேன். ஆறு மாதமாக மறதி என்று சொன்னதும் நான்தான். நீங்கள் எழுதிக் கொடுத்த மாத்திரைகளை வேளை தவறாமல் கொடுத்தேன்.

கடைசியில் நூற்றுப் பதினெட்டு கார்டுகளையும் அவளே உட்கார்ந்து அழித்தாள். நான் அவள் தோளில் கை வைத்தபடி பக்கத்தில் இருந்தேன். ஒன்றைக்கூட நான் அழிக்கவில்லை. பிரதி என்னிடம் இருக்கிறது. அந்த நாவலை இப்போது நான் எழுதுகிறேன். யாராவது எழுத வேண்டுமே.

காட்டுப்பாக்கத்தில் இருக்கும் அவள் தங்கை சுவேதா சாஃப்ட்வேர்காரி. அழிந்த கார்டுகளை மீட்கப் போனவள், யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று அந்த போர்டே பதிந்து வைத்திருந்த பட்டியலைக் கண்டுபிடித்துவிட்டாள். அப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. வரிசையாக கோகுல்நாத், காலை பத்தரை. கோகுல்நாத், காலை பதினொன்று.

"அக்கா ஸ்கூலுக்குப் போனப்புறம் ஊட்ல நீ இன்னா மாமா பண்ணிகினு இருந்தே?" என்று கேட்டாள். அந்தப் பட்டியல்தான் உங்கள் மேசையில் இருக்கிறது. நான் மறுக்கவில்லை. அத்தனையும் நான் செய்ததுதான். அவளுக்கு எந்த நோயும் இல்லை.

ஆனால் ஒன்று. சுவேதா அதை தேவியிடமும் காட்டினாள். தேவி முழுக்கப் படித்துவிட்டு, "அவரு செஞ்சிருக்க மாட்டாருடி. நான்தான் அவரு பேர்ல பூந்து மாத்திட்டு மறந்திருப்பேன்" என்றாள்.

"பத்தரைக்கு நீ ஸ்கூல்ல இருந்தேக்கா."

"போயிருக்க மாட்டேன். ஊட்லயே இருந்திருப்பேன். அதையும் மறந்திருப்பேன்."

நீங்களே சொல்லுங்கள், டாக்டர். கெட்டவன் ஒருவனை எந்தப் பெண்ணாவது இப்படி நம்புவாளா?