லுஹர் பாங்கில் திறந்த நோன்பு

- மெதுவா பேசுங்க மைனி. உங்கட தம்பி இப்பதான் கஞ்சி குடிச்சிட்டுச் சாஞ்சார். கண்ணுதான் போயிருக்கு, காது நல்லாக் கேக்கும்.

- கேட்டாக் கேக்கட்டும். அல்லாவே! உக்குவளைப் பள்ளியில லுஹர் பாங்கு சொல்றாங்க, நீ ஜன்னலெல்லாம் சாத்திட்டு, பொழுது பட்டு மஃரிபாயிட்டு, நோன்பு தொறங்கண்டு அவன்ட வாயில தண்ணி வெக்கிற. பட்டப் பகல்ல! பொய்க்கும் ஒரு அளவில்லையா மஸூதா?

- என்னத்தச் செய்யிற? போன நோன்புல மூணாம் நாள் மயங்கி விழுந்தார். நானும் பக்கத்து வீட்டு ரபாயேலும்தான் மாத்தளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். சீனி வருத்தத்தோட இன்னொரு நோன்பு புடிச்சா மையத்தாத்தான் வீட்டுக்கு வருவார்ண்டு டாக்டர் மூஞ்சிக்கு நேரே சொல்லிட்டார்.

- அதை அவனுக்குச் சொல்றதுதானே. வருத்தக்காரனுக்கு அல்லாஹ்வே விட்டுக் குடுத்திருக்கான். ஒரு நோன்புக்கு ஒரு ஏழைக்குச் சோறு குடுத்தா முடிஞ்சுது.

- சொன்னேன். பத்து வயசுல இருந்து நானா ஒரு நோன்பு விட்டவன் இல்லண்டு சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டார். அப்பதான் எனக்கு இந்தப் புத்தி வந்துச்சு. பகலுக்கும் அந்திக்கும் பாங்கு ஒண்டுதானே மைனி.

- பொறகு வாற பாங்கெல்லாம்?

- பின்னேரம் அஸருக்குச் சொன்னா, ராத்திரி இஷாண்டுவேன். மத்ததுக்கு ரேடியோவக் கூட்டி வெப்பேன். அப்படியும் கேட்டுட்டா, கனவு கண்டிருப்பீங்கண்டு சொல்லுவேன்.

- உன்ட நோன்பு?

- நான் உண்மையாத்தான் புடிக்கிறேன். அவருக்குப் பக்கத்துல உக்காந்து, வெறுங் கோப்பைய வாயில வெச்சி, குடிக்கிற மாதிரி சத்தம் போடுவேன்.

- நல்ல கூத்து!

- கூத்துதான். விடிய முந்திச் சஹருக்கு எழும்பி, கால் புண்ணக் கழுவி, துணி அவிச்சி, கக்கூசுக்குத் தாங்கிட்டுப் போயி, கூப்பன் அரிசியில கல்லுப் பொறுக்கிக் கஞ்சி காய்ச்சி... எனக்கு ஏலாமப் போச்சு மைனி. சில நாள் அழக்கூட ஏலாது. ஆனா பிஸ்மி சொல்லிட்டு அந்த மொத மொடறக் குடிப்பார் பாருங்க, அந்த மூஞ்சியில பழைய ஆளு வந்துட்டுப் போவார். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் மிச்ச நாள ஓட்டுறேன்.

- அதுக்காக முப்பது நோன்பையும் பாழாக்குவியா? அவன் ஏமாந்த மாதிரியே கெடந்து மௌத்தாப் போகணுமா? தள்ளு. இப்பவே சொல்றேன் அவனுக்கு.

- மைனி, உங்கட காலப் புடிக்கிறேன். தெரிஞ்சா இனி எங்கிட்ட ஒரு வாய் கஞ்சி வாங்க மாட்டார். செத்துப் போயிருவார் மைனி.

- ராத்தா, அவள விடுங்க.

- யா அல்லாஹ்! நீங்க தூங்கலியா?

- எங்க தூங்குற? பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் நீங்க ரெண்டு பேரும் கோர்ட்டு வெச்சிருக்கீங்க.

- ஜமால்தீன், கேட்டியா இவ செஞ்ச வேலைய?

- இண்டைக்கா கேக்குறேன் ராத்தா? மொத நாள் அந்தத் தண்ணியக் குடிச்சி முடிச்ச பொறகுதான் கூரைத் தகரம் சுடுறது தெரிஞ்சுது. எந்த ஊர்ல மஃரிபுக்குத் தகரம் சுடும்?

- தெரிஞ்சுமா நாளாந்தம் நோன்ப முறிச்ச?

- முறிக்க நோன்பு இருந்தாத்தானே. அதுக்குப் பொறகு ஒரு நாளும் நான் நோன்பு புடிக்கிறேண்டு நிய்யத்து வெக்கல்ல. ஏழைங்களுக்குச் சோறு குடுக்கச் சொல்லி, என்னப் பாக்க வந்த கூட்டாளி மஹ்ரூப்கிட்ட ஒப்படைச்சாச்சு.

- அப்ப ஏன் எங்கிட்டச் சொல்லல்ல? பொய் சொன்ன பாவத்துக்கு நான் ஒவ்வொரு நாளும் தொழுதுட்டு அழுதுட்டிருக்கேனே!

- சொல்லியிருந்தா கஞ்சியக் கட்டில் பக்கத்துல வெச்சிட்டு நீ துணி தொவைக்கப் போயிருவ. நோன்பு தொறக்கிறதுண்டாத்தான் மஸூதா, இந்த வீட்டுல நீ உக்காருற.