கல்யாணத்துக்கு நம் வீட்டுப் பூ

லில்லி வளர்ப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கிழங்கின் அடியில் தண்ணீர் தேங்கக் கூடாது, அவ்வளவுதான். குளிர் தொடங்கும் முன்பே மண்ணில் மணல் கலந்து, பாத்தியை மேடாகக் கட்டி, ஒவ்வொரு கிழங்கையும் என் கையாலேயே ஊன்றினேன். வேலி ஓரமாக வெள்ளை ரோஜா. வசந்தத்தில் என் தங்கைக்குக் கல்யாணம். கடைப்பூ வேண்டாம், எல்லாம் நம் வீட்டுப் பூவாகவே இருக்கட்டும் என்றேன். அவளும் சரி என்றாள். நான் சொல்லி அவள் எதையும் மறுத்ததில்லை.

அம்மா போனபோது அவளுக்குப் பால் பல்கூட விழவில்லை. ஊட்டிவிட்டு, தலை பின்னிவிட்டு, ஆளாக்கியது நான்தான். கொஞ்சம் கண்டிப்பு உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு முறை என்னிடம் கேட்காமல் தோழி வீட்டுக்குக் கிளம்பினாள். கையைப் பிடித்து இழுத்தேன், எலும்பு முறிந்துவிட்டது. கட்டு அவிழ்க்கும்வரை அவளைக் குளிப்பாட்டி, உடுத்திவிட்டதும் நான்தான். அதையும் நீங்கள் சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பூனை பாத்தியைக் கிளறிக்கொண்டே இருந்தது. விரட்டிப் பார்த்தேன், கேட்கவில்லை. மண்வெட்டியின் பின்பக்கத்தால் ஒரு தட்டு. வலி தெரிந்திருக்காது. ரோஜாவுக்கு அடியில் புதைத்தேன். அந்தச் செடிதான் முதலில் மொட்டு விட்டது.

மாப்பிள்ளை பஸ் ஓட்டுகிறவர். தங்கமான மனிதர். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில், பனி காய்வதற்குள் பூ வெட்டி வாளித் தண்ணீரில் நிறுத்திக்கொண்டிருந்தேன். அவர் பின்கேட்டு வழியாக வந்தார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. பூவுக்குக் கடையில சொல்லியாச்சு. மண்டபத்துல இப்பவே கட்டிட்டு இருக்காங்க."

"அப்போ இதெல்லாம்?"

"வீட்டுல வச்சுக்கோங்களேன். நீங்க ஏன் சிரமப்படணும்?"

"அவ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"எப்படிக்கா சொல்லுவா? உங்களப் பாத்தாலே அவளுக்குப் பயம். தூக்கத்துலகூட உங்க பேரச் சொல்லித்தான் திடுக்குன்னு எந்திரிக்கிறாளாம். கல்யாணம் முடிஞ்ச கையோட நாங்க வேற ஊருக்குப் போயிடறோம்க்கா. மாற்றல் வாங்கிட்டேன்."

அவர் குரலை உயர்த்தவில்லை. நானும் உயர்த்தவில்லை. வாளி கனமாக இருக்குமே, நான் உள்ளே வைக்கிறேன் என்று குனிந்தார். உதவுகிற மனசு. அப்போதுதான் மண்வெட்டியை எடுத்தேன்.

முதல் அடியில் அவர் விழவில்லை. திரும்பி, "அக்கா" என்றார், ஏதோ கேட்க வந்து மறந்தவரைப் போல. அடுத்தது காதோரம் விழுந்தது. மண்டியிட்டு, கேட்டைப் பார்த்து ஊர்ந்தார். நேராகப் போக நடைபாதை இருந்தது. அவரோ லில்லிப் பாத்திக்குள் புகுந்துவிட்டார்.

"அந்தப் பக்கம் போகாதீங்க மாப்பிள்ளை, பூ நசுங்குது" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை. தண்டுகள் மடமடவென்று ஒடிந்தன. பாதி வருஷத்து உழைப்பு. அதற்குப் பிறகு எத்தனை அடி என்று எனக்குத் தெரியாது. முகம் என்று ஒன்று மிஞ்சவில்லை என்று உங்கள் டாக்டர் சொன்னாராம். இருக்கலாம். கை ஓய்ந்தபோது நிறுத்தினேன்.

கைகால் கழுவிக்கொண்டு, தப்பித்த பூக்களைப் பொறுக்கி எடுத்தேன். லில்லியின் நடுவில் மகரந்தம் நிற்கும். அதைக் கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் கல்யாண உடுப்பில் கறை பிடித்துக்கொள்ளும். கிள்ளிக்கொண்டிருந்தபோது தங்கை பின்வாசலில் வந்து நின்றாள். பாத்தியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அக்கா... அவரு..."

"வந்து உக்காரு. தலையில வச்சுப் பாத்துடலாம்."

வந்து உட்கார்ந்தாள். தலை வாரிவிட்டேன். ரத்தம் தெறித்ததை ஒதுக்கிவிட்டு, நல்ல ரோஜாக்களாக எடுத்துச் சுற்றிலும் செருகினேன். அவசரத்தில் முள் களைய மறந்துவிட்டேன். நெற்றியில் சிவப்பாக ஒரு கோடு இறங்கியது. அவள் முகம் சுளிக்கவில்லை. முந்தானையை மட்டும் முறுக்கிக்கொண்டே இருந்தாள், கல்யாணப் பெண்ணுக்கு அது சகஜம். மதிலுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டம்மாதான் தேவையில்லாமல் அலறி ஊரைக் கூட்டினாள்.

மாப்பிள்ளையைக் கொன்றது நான்தான். வேறு யார் மேலும் சந்தேகப்பட வேண்டாம். ஆனால் அவளுக்கு என்னிடம் பயம் என்று அவர் சொன்னது சுத்தப் பொய், அதை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். என்னைக் கண்டு பயப்படுகிறவள், உங்கள் ஆட்கள் வந்து தூக்கும்வரை, என் மடியருகே அப்படி மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருப்பாளா?